கோமதிநாயகத்தின் எஞ்சின்

வாரத்தில் ஆறு நாள் அந்த ஜீப் அட்டைப்பெட்டி சுமந்தது. கடைகளில் கழித்துப் போடும் பெட்டிகளை வாங்கி, தட்டையாக மடித்து, கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரம் அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கி, கோமதிநாயகம் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு ஓட்டி வருவதைத் தெரு பார்த்துப் பழகியிருந்தது. ஏழாவது நாள் அது எங்கே போகிறது என்பதுதான் தெருவுக்குப் புரியாத சங்கதி. மழைக்காலத்து ஞாயிறுகளில் காலையில் துடைத்த வண்டியாகக் கிளம்பிப் போகும். சாயங்காலம் கண்ணாடிவரை சேறு அப்பிக்கொண்டு திரும்பி வரும். "எருமை கூட கெடக்க எடத்துலதான் உருளும். இவிய டீசல் போட்டுப் போயில்லா உருளுதாவ" என்று அவர் மனைவி சீனியம்மாள் பக்கத்து வீட்டில் சொன்னது அவர் காதுக்கு வந்தபோது அவரும் சிரித்தார்.

கர்ஜத்துக்கு அப்பால் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. மழை பெய்தால் அது சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். பத்துப் பன்னிரண்டு ஜீப்காரர்கள் அதில் ஒவ்வொருவராக ஏறுவார்கள். ஏற முடியாமல் பாதியில் நின்றவனை மேலே இருப்பவன் கயிறு போட்டு இழுத்துக்கொள்வான். இழுபட்டவன் மேட்டின் உச்சியில் உள்ள கொட்டகைக் கடையில் அத்தனை பேருக்கும் வடாபாவும் டீயும் வாங்கிக் கொடுக்க வேண்டும். அது அந்தக் கூட்டத்தின் சட்டம். எட்டு வருஷமாக வாங்கிக் கொடுத்தவர் கோமதிநாயகம். எட்டு வருஷமாக அவரை இழுத்தது சாய்நாத்.

சாய்நாத் செம்பூர்க்காரர். பாலக்காட்டுக் குடும்பம். இருபத்தேழு வருஷத்துக்கு முன் இரண்டு பேரும் ஒரே சரக்குக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கோமதிநாயகம் கோடவுனில் பெட்டி ஏற்றுபவர். சாய்நாத் வண்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் கிளார்க். மேஜை வேலைதான் என்றாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுவிடுவார். மதியச் சாப்பாட்டை இருவரும் ஒரு லாரியின் நிழலில் பகிர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். கம்பெனி மூடிய பிறகும் சிநேகிதம் மூடவில்லை. கோமதிநாயகத்தின் ரேஷன் கார்டு, மகள் கல்லூரியில் சேர்வதற்கான விண்ணப்பம், கடை லைசென்ஸ் எல்லாம் சாய்நாத்தின் கையெழுத்தில் நிரப்பப்பட்டவை. இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் கோமதிநாயகம் அதைப் பிரிக்காமலே செம்பூருக்கு எடுத்துப் போவார். சாய்நாத் தன்னுடையதைப் போலவே ஒரு ஜீப்பைத் தேடிப் பிடித்து அவருக்கும் வாங்கித் தந்தார். இரண்டும் ஒரே மாடல். நிறம் மட்டும் வேறு.

வாங்கிய புதிதில் கோமதிநாயகத்தின் வண்டி அந்த மேட்டில் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. 2017இல் இரண்டு ஜீப்பின் எஞ்சின்களையும் ஒன்றாக இறக்கி வேலை பார்த்தார்கள். சுனாபட்டியில் ஒரு தகரக் கொட்டகை. வாடகைக்கு எடுத்தது சாய்நாத். கூட எஞ்சின் வேலை தெரிந்த ஒரு மிஸ்திரி. எஞ்சின்களைத் திறந்து பரப்பி வைத்திருந்த நேரத்தில் சித்திரைக் கடைசிச் செவ்வாய் வந்தது. கோமதிநாயகத்தின் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. தாராவியில் இருக்கிற அவர் ஊர்க்காரர்கள் வேலையை விட்டாலும் கொடையை விடமாட்டார்கள். நீ போய்ட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் சாய்நாத். கோமதிநாயகம் நாகர்கோவில் ரயில் ஏறினார். மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது வண்டி தயாராக நின்றது. அந்த வருஷ மழையில் மேட்டில் முக்கால் உயரத்தில் நின்றுபோனது.

வயசாயிடுத்து, எஞ்சினுக்கும் மூட்டுவலி உண்டு என்று சாய்நாத் விளக்கினார். கோமதிநாயகம் தன் முட்டியை ஏற்றுக்கொண்ட மாதிரியே அதையும் ஏற்றுக்கொண்டார்.

போன மழையில் கூட்டத்தில் யாரோ அவருக்குப் 'பார்சல்' என்று பெயர் வைத்தார்கள். பெட்டிக்காரர், அதுவும் கட்டி இழுத்து மேலே சேர்ப்பிக்கப்படுகிறவர். பெயர் ஒட்டிக்கொண்டது. கயிற்றைக் கொக்கியில் மாட்டும்போது சாய்நாத்தே "பார்சல் ரெடியா" என்று கேட்டார். எல்லோரோடும் சேர்ந்து கோமதிநாயகமும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரேடியோ போடாமல் வந்தார். பிப்ரவரியில், பெரிய எஞ்சின் ஒன்று வைத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தார்.

குர்லாவில் பழைய எஞ்சின் விற்கும் ஹாஃபிஸாவை அவருக்குப் பெட்டி வியாபாரத்தில் பழக்கம். சீத்தா கேம்ப் பகுதித் தமிழ்ப் பெண்மணி. கணவர் இறந்த பிறகு கடையைத் தானே நடத்துகிறார். எந்த எஞ்சின் எந்த வண்டியில் உட்காரும் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றிலிருந்து இறக்கிய இரண்டரை லிட்டர் டர்போ எஞ்சின் அவரிடம் இருந்தது. கோமதிநாயகம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தன் கடையில் ஒரு பெட்டி உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற மாதிரி அதையும் தட்டிப் பார்த்தார்.

சாய்நாத் வேண்டாம் என்றார்.

"நான் சொல்றதைக் கேளுடா கோமதி. பெரிய எஞ்சின் வெச்சா உன் கியர்பாக்ஸ் தாங்காது. அதை மாத்தினா முன் ஆக்ஸில் தாங்காது. ரேடியேட்டர் பத்தாது, பிரேக் பத்தாது. நீ எஞ்சினை மாத்தலே, வண்டியையே மாத்தறே. அப்புறம் பேப்பர். ஆர்.டி.ஓ.வில நாய் மாதிரி அலைய விடுவான்."

கோமதிநாயகம் ஹாஃபிஸாவிடம் விசாரித்தார். அத்தனையும் உண்மை என்றார் அவர். கியர்பாக்ஸோடு சேர்த்து எடுத்துக்கொண்டால் நல்லது, முன் ஸ்பிரிங் பட்டைகளைக் கனமாக்க வேண்டும், மற்றபடி செய்யக்கூடியதுதான். இரண்டு மாதம் அவர் இதே யோசனையாக இருந்தார். கடையில் பெட்டி மடிக்கும்போது வைக்கலாம் என்று தோன்றும். செம்பூருக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தால் வேண்டாம் என்று தோன்றும். சாய்நாத் இவ்வளவு மெனக்கெட்டு ஒரு விஷயத்தைத் தடுத்து அவர் பார்த்ததில்லை. இரவல் கொடுத்த பொருளைப் பற்றிக் கவலைப்படுகிறவர் மாதிரி வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்து என்ன முடிவு பண்ணினே என்று கேட்டார். என் வண்டி மேல் இவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று கோமதிநாயகத்துக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

"வருசா வருசம் அவரு கயித்தப் போட்டு இழுத்து, நீங்க வடை வாங்கிக் குடுத்து. நல்லாத்தான் இருக்கா?" என்றாள் சீனியம்மாள். அவளுக்கு ஜீப்பும் பிடிக்காது, எஞ்சினும் பிடிக்காது. ஆனால் புருஷன் பார்சல் ஆனது அதைவிடப் பிடிக்கவில்லை. அவர் ஹாஃபிஸாவிடம் சரி சொல்லிவிட்டார். சாய்நாத்திடம் எஞ்சின் உள்ளே உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்வான், பிறகு அவனே வந்து ஓட்டிப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

ஹாஃபிஸாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டுத்தான் வேறு எஞ்சின் எடுக்கலாம். உள்ளே வரும் எஞ்சினின் எண் மேல் பென்சிலைத் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி. கார்டோடு ஒப்பிட்டு, நீள நோட்டில் ஒட்டி வைப்பார். திருட்டு எஞ்சின் தேடிப் போலீஸ் வந்தால் அந்த நோட்டை விரித்துக் காட்டுவார். வண்டியை வேலைக்கு விடுவதற்கு முன் பிரதியை எடுத்து வாருங்கள் என்று கோமதிநாயகத்திடம் சொல்லியிருந்தார்.

இதுவரை அந்த வேலையை அவர் தன் கையால் செய்ததில்லை. ஒரு புதன்கிழமை கடை வாசலிலேயே பானெட்டைத் திறந்தார். டீசல் பம்புக்குக் கீழே, தட்டையாகச் சீவிய இடத்தில் எண் வெட்டியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். கடையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் டேப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு துண்டு கிழித்து அழுத்தி, உரித்து எடுத்தபோது கறுப்பில் எழுத்துகள் வெள்ளையாக வந்திருந்தன. அதை ஒரு காகிதத்தில் ஒட்டினார். அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தாரே தவிர, என்ன எண் என்று படிக்கவில்லை.

ஹாஃபிஸா படித்தார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு கார்டைப் பார்த்தார். திரும்பவும் காகிதத்தைப் பார்த்தார்.

"அண்ணே, வேற வண்டி கார்ட எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

தன்னிடம் ஒரே வண்டிதான் என்றார் அவர். ஹாஃபிஸா எழுந்து தெருவுக்கு வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே பானெட்டுக்குள் குனிந்து டார்ச் அடித்தார். வண்டியில் இருந்த எண் 4417 என்று முடிந்தது. கார்டில் 2093.

"திருட்டு எஞ்சின்னு நான் சொல்லல. உங்க எஞ்சின் இல்லன்னு சொல்றேன்" என்றார். "யாரு கடைசியா எறக்குனாங்க?"

மிஸ்திரி ஒருவன் என்றார் கோமதிநாயகம். அவன் ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. மறதியில் மாற்றி வைத்திருப்பான் என்று ஹாஃபிஸாவுக்குச் சொன்னார். வழியெல்லாம் தனக்கும் சொல்லிக்கொண்டார். சாய்நாத்துக்கு இது தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வான். சயன் சிக்னலில் போனைக்கூட எடுத்தார். பச்சை விழுந்துவிட்டது, வைத்துவிட்டார்.

வீட்டில் வண்டிக் காகிதங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. பதினைந்து வருஷம் முடிந்து 2021இல் பதிவைப் புதுப்பித்தபோது சாய்நாத் கொடுத்த உறை. ஒழுங்கான மனிதர். ரசீது, விண்ணப்ப நகல், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். கடைசியில் ஒரு வெள்ளைக் காகிதத்தில், ஆர்.டி.ஓ.வுக்காக அவர் எடுத்த பென்சில் பிரதி ஒன்று. ரெண்டு எடுத்தேன், ஒண்ணை நீ வெச்சுக்கோ என்று சாய்நாத் சொன்னது கோமதிநாயகத்துக்கு நினைவு வந்தது. அந்தப் பிரதியில் எண் 2093 என்று முடிந்தது. கார்டில் இருந்தபடியே.

அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். 2017க்குப் பிறகு எஞ்சின் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. அப்படியென்றால் 2021லும் உள்ளே இருந்தது 4417தான். அதன் மேல் எவ்வளவு தேய்த்தாலும் 2093 வராது. 2093 வர வேண்டுமென்றால் அந்த எண் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் தேய்க்க வேண்டும். சுனாபட்டிக் கொட்டகையில் அன்றைக்குத் திறந்து கிடந்தவை இரண்டே எஞ்சின்கள்.

"என்ன, ஊருலருந்து ஏதும் சேதியா?" என்றாள் சீனியம்மாள் அவர் முகத்தைப் பார்த்து. ஒன்றுமில்லை என்றார். அவள் நம்பவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம சாமான வச்சே நம்மள இழுத்துருக்காரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் செம்பூருக்குப் போனார். சாய்நாத்தின் ஜீப் கட்டடத்துக்குக் கீழே தார்ப்பாய் போர்த்தி நின்றது. சாய்நாத் கையில் காபித் தம்ளரோடு இறங்கி வந்தார். மேலே வாயேண்டா, தோசை வார்த்துண்டிருக்கா என்றார். பிறகு கோமதிநாயகத்தின் கையைப் பார்த்தார். ஒரு பென்சில், ஒரு டேப் சுருள். தம்ளரை மதில் மேல் வைத்தார்.

"பானெட்டைத் தொற சாயி."

சாய்நாத் திறக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் ஆரம்பித்தார். அது ஒரு தப்பு, ரெண்டும் ஒரே மாடல், மிஸ்திரி மாற்றி ஏற்றிவிட்டான், தனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன். கோமதிநாயகம் முழுக்கக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து 2021இன் பிரதியை எடுத்து மதில் மேல், தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாறிப் போச்சு, சரி. தெரியாமத்தான் மாறிச்சுன்னா நம்பர் தேக்கணும்னு வரும்போது ஒன் வண்டிக்கு எப்படிப் போன?"

மாடியிலிருந்து யாரோ தோசை ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள். சாய்நாத் மதில் மேலிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தார்.

"என்னோட எஞ்சின் பிளாக்குல விரிசல்" என்றார் கடைசியில். "வெல்டிங் போட்டு ஒட்டினது. திரும்ப வெச்சா ஏறாதுன்னு தெரியும். உன்னோடதைத் திறந்தா உள்ளே புதுசு மாதிரி இருந்துது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. நீ கொடைக்குப் போயிட்டே." தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து விட்டார். "உனக்கென்னடா, நீ அதுல பெட்டிதானே ஏத்தறே."

கோமதிநாயகம் அதுவரை கோபப்பட்டிருந்தார் என்று சொல்ல முடியாது. திருட்டு என்றால் ஒருவகையில் புரிந்துவிடும், ஆசைப்பட்டான், எடுத்தான். கடைசியாகச் சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்தது. லாரி நிழலில் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்ட நாளிலிருந்து இந்த மனிதர் அவரை எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பது அந்த ஒரு வரியில் இருந்தது. எண் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் பெரிய எஞ்சின் வேண்டாம் என்று சொல்லி சாய்நாத் அடுக்கிய காரணங்களை நினைத்துப் பார்த்தார். கியர்பாக்ஸ், ஆக்ஸில், ரேடியேட்டர், எல்லாம் நிஜம். ஒன்றாவது பொய்யாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

சாய்நாத் இப்போது வேகமாகப் பேசினார். பெரிய எஞ்சினையே வைத்துக்கொள், கியர்பாக்ஸ் வேலையெல்லாம் நானே நின்று முடித்துத் தருகிறேன், பேப்பருக்கு இந்தப் பழைய பிரதி இருக்கிறதே, அதையே ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது.

"ரெண்டு மாசமா வேண்டாம்னு சொன்ன."

"இப்போ சொல்றேன், வெச்சுக்கோ."

"எனக்குப் பெருசு வேண்டாம். என்னத எறக்கிக் குடு."

வேறொரு மிஸ்திரி கிடைத்த நாள் சித்திரைக் கடைசிச் செவ்வாயாக அமைந்தது. சீனியம்மாளும் மகளும் கொடைக்குப் போனார்கள். கோமதிநாயகம் போகவில்லை. அவர் நினைவு தெரிந்து போகாத முதல் கொடை. சுனாபட்டிக் கொட்டகையில் கவிழ்த்து வைத்த ஒரு டிரம்மின் மேல் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார். இரண்டு வண்டிகளும் எதிரெதிரே நின்றன. சங்கிலி போட்டு முதலில் ஒன்றை இறக்கினார்கள், பிறகு மற்றதை. இரண்டும் தரையில் அருகருகே இருந்த ஒரு மணி நேரம் அவர் சிறுநீர் கழிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. 4417இன் பக்கவாட்டில், எண்ணெய்க் கறைக்கு அடியில், புழு ஊர்ந்த தடம்போல வெல்டிங் ஓடியிருந்தது. அவருடையது சுத்தமாக இருந்தது. ஹோஸ்கள் புதியவை, கேஸ்கட்டுகள் நல்லவை. சாய்நாத் அதை நன்றாகத்தான் வைத்திருந்தார். தான் வைத்திருந்தால் இவ்வளவு நன்றாக வைத்திருக்க மாட்டோம் என்று தோன்றியதும் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மதியம் சீனியம்மாள் போன் செய்தாள். பின்னால் மேளம் கேட்டது. எல்லோரும் கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்றாள். வண்டி வேலை என்று சொல் என்றார். சாய்நாத் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தார். அது அப்படியே ஆடை கட்டியது. சாயங்காலம் எஞ்சின் உட்கார்ந்த பிறகு கோமதிநாயகம் பானெட்டுக்குள் குனிந்து, பென்சிலைத் தேய்த்து, டேப்பை உரித்து, இந்தத் தடவை ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வருகிறேன் என்று சொல்லவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அதுவும் முதல் தடவை.

மறுவாரம் ஹாஃபிஸா போன் செய்தார். அந்த டர்போ எஞ்சினை வேறு ஆள் கேட்கிறார், கொடுக்கட்டுமா.

"குடுத்துருங்கம்மா."

"மனசு மாறிடுச்சா அண்ணே?"

"இல்லம்மா. என்னோடது கெடச்சிட்டு."

ஜூலையில் மழை நின்று பெய்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலிருந்து செய்திகள் வந்தன; பார்சல் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் பதில் போடவில்லை. ஒரு வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் கர்ஜத் பக்கம் கிளம்பினார். மேட்டின் அடியில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கியரைப் போட்டு, வேகம் கொடுக்காமல் ஏற்றினார். முக்கால் உயரத்தில், எட்டு வருஷமாக நின்ற இடத்தில், கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. எஞ்சின் அடங்கிய குரலில் ஒரு தடவை உறுமிவிட்டு அவரை மேலே கொண்டுபோய் வைத்தது. அவ்வளவுதான். கத்துவதற்கு யாரும் இல்லை. அவருக்கும் கத்தத் தோன்றவில்லை.

கொட்டகைக் கடையில் அந்த மராட்டிக்காரம்மா அவரைப் பார்த்ததும் எண்ணெய்ச் சட்டியின் கீழே நெருப்பைத் தூண்டிவிட்டு, வழக்கம்போலத் தட்டுகளை எடுத்து வரிசையாகப் பரப்ப ஆரம்பித்தாள். எத்தனை என்று ஹிந்தியில் கேட்டாள். அவர் ஒரு விரலைக் காட்டினார்.

"ஆஜ் கிஸ்னே கீன்ச்சா?"

இன்று யார் இழுத்தது என்று.

"கோயீ நஹீ" என்றார் கோமதிநாயகம், யாரும் இல்லை என்று.

அவள் நம்பவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து மேட்டின் கீழே எட்டிப் பார்த்தாள். ஈரச் செம்மண்ணில் ஒரே ஒரு வண்டியின் தடம் இருந்தது. மற்ற தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அடுக்கி வைத்தாள்.